குரலும் நோயும்: மெம்பிஸ் பாடகர் ஜேம்ஸ் கார் குறித்த ஒரு மறுப்புரை

யாருடைய நினைவைப் போற்றி இச்சொற்பொழிவுக்குரிய அறக்கட்டளை அமைந்ததோ அப்பெரியவர், இசைத்தட்டைக் கேளாமல் இசைஞரைப் பற்றிப் பேசுதல் தகாது என்னும் கொள்கையில் உறுதியாக நின்றவர். இன்றைய பொருள் அக்கொள்கையோடு நேரடித் தொடர்புடையது.

சோல் இசை என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் முறையும், ரிதம் அண்ட் புளூஸ் எனப்படும் அவர்களது கேளிக்கையரங்கப் பாடல் முறையும் 1950களில் ஒன்றோடொன்று கலந்து உருவான மரபு. அதன் தென்மாநிலக் கிளைக்கு டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரும் அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் சிற்றூரும் இரு தலைநகரங்கள். ஓட்டிஸ் ரெடிங், அரீத்தா ஃபிராங்க்ளின் ஆகியோரின் பெயரை அறிந்தவர்களுள்ளும் மிகச் சிலரே ஜேம்ஸ் காரின் பெயரை அறிவர். அச்சிலருக்கிடையே நீண்ட காலமாக ஒரு வழக்கு நிலவி வருகிறது. அவ்வழக்கின் ஒரு தரப்பை இவ்வவையினர் பலரும் கருத்தரங்குகளில் கேட்டிருப்பர். மற்றைத் தரப்பை முழுமையாக எடுத்துரைப்பதற்கு இன்றுதான் வாய்ப்பு நேர்ந்துள்ளது.

வழக்கு

ஜேம்ஸ் கார் 1942ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தோடு மெம்பிஸுக்கு வந்தவர். காஸ்பெல் என்னும் கிறித்தவ வழிபாட்டுப் பாடலைக் குழுவாகப் பாடும் ஹார்மனி எக்கோஸ் போன்ற குழுக்களில் பயின்றார். மருத்துவ ஆய்வுக்கூடப் பணியில் இருந்துகொண்டே அத்தகைய குழுக்களை ஆதரித்து வந்த ரூஸ்வெல்ட் ஜாமிசன், காரையும் ஓ.வி. ரைட் என்னும் மற்றொரு பெரும் பாடகரையும் கோல்ட்வாக்ஸ் என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்திடம் அழைத்துச் சென்றார். குவின்டன் கிளாஞ்ச் என்பவரும், மருந்தாளராகிய டாக் ரஸ்ஸல் என்பவரும் சேர்ந்து 1964இல் தொடங்கிய நிறுவனம் அது. 1966இல் வெளிவந்த 'யூவ் காட் மை மைண்ட் மெஸ்ட் அப்' என்னும் பாடல் பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7ஆம் இடத்தைப் பெற்றது. 1967இல் 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' 10ஆம் இடத்தையும், 1968இல் 'அ மேன் நீட்ஸ் அ வுமன்' 16ஆம் இடத்தையும் பெற்றன. 1969இல் கோல்ட்வாக்ஸ் மூடப்பட்டது. இருமுனைக் கோளாறு எனப்படும் மனநோய், அதாவது எழுச்சியும் சோர்வும் மாறிமாறி மனத்தை ஆட்கொள்ளும் நோய், அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. 1979இல் ஜப்பானில் மேடையேறிய அவர், ஒலிவாங்கியின் முன் பாட இயலாமல் உறைந்து நின்றார். 2001 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயால் மெம்பிஸில் காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து துறையறிஞர் சிலர் ஒரு முடிவுக்கு வருகின்றனர். காரின் குரலில் கேட்கும் துயரம் அவரது நோயின் துயரமே என்றும், அவர் பாடவில்லை, அவருக்குள்ளிருந்த வேதனை அவர் வழியாகப் பாடியது என்றும் அவர்கள் எழுதி வருகின்றனர். இம்முடிவு இரக்கத்தால் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரக்கம் காட்டப்பட்டவரிடமிருந்தே அவரது தொழில்திறனைப் பறித்துக்கொள்ளும் முடிவு இது. தச்சர் செய்த நாற்காலியைப் பார்த்து அவர் பட்ட கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர், பலகைகள் எங்ஙனம் பொருத்தப்பட்டன என்பதைக் காணமாட்டார். கால வரிசையே இம்முடிவுக்கு எதிராக நிற்கிறது. சிறந்த பதிவுகள் யாவும் 1966 முதல் 1968 வரையிலான, அவரால் ஓரளவு ஒழுங்காகப் பணியாற்ற முடிந்த ஆண்டுகளுக்கு உரியவை. நோய் முற்றிய காலத்தில் மசில் ஷோல்ஸில் நடந்த பதிவு அமர்வொன்றில், அவர் ஒலிவாங்கியின் முன் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார் என்று கிளாஞ்ச் நினைவுகூர்ந்ததை, பீட்டர் குரால்னிக் 1986இல் வெளியிட்ட 'ஸ்வீட் சோல் மியூசிக்' என்னும் நூலால் துறையினர் அனைவரும் அறிவர். எனவே நோயைக் கொண்டு விளக்கத்தக்கது அவரது மௌனமே. அவரது பாட்டுக்கு வேறு விளக்கம் தேட வேண்டும்.

ஒரு பாட்டு

அவ்விளக்கத்தைத் தேடுவதற்கு 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' பதிவைக் காட்டிலும் ஏற்ற இடம் இல்லை. எதிர்த்தரப்பினரும் தம் வாதத்துக்கு இதனையே முதற்சான்றாகக் காட்டுவதால், அதே சான்றைக் கொண்டு அவர்களுக்கு விடையிறுப்பதே முறை. இப்பாடலை இயற்றியவர்கள் டேன் பென், சிப்ஸ் மோமன் ஆகிய இருவர். வானொலி அறிவிப்பாளர்களின் மாநாடு ஒன்று நடந்துகொண்டிருந்த 1966ஆம் ஆண்டில், சீட்டாட்டத்தின் இடைவேளையில் அமர்ந்து எழுத இடம் தேடிய அவர்களுக்குக் கிளாஞ்ச் தம் விடுதி அறையைக் கொடுத்தார் என்பதும், எழுதும் பாடலை ஜேம்ஸ் காருக்குத் தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்தார் என்பதும் அவ்விசை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்திகள். இச்செய்தியைச் சுவைக்காக மட்டும் சொல்லிச் செல்வோர் அதன் உட்பொருளைக் கவனிப்பதில்லை. இப்பாட்டு இக்குரலுக்கு உரியது என்று, ஒரு வரியும் எழுதப்படுவதற்கு முன்பே, தொழில் அறிந்த ஒருவர் முடிவு செய்திருந்தார். நோயாளி ஒருவரின் வேதனைக்கு வடிகால் தேடி அவர் அந்நிபந்தனையை விதித்தார் என்று கருத இடமில்லை. காரால் இத்தகைய பாட்டைத் தாங்க முடியும் என்று கணித்தே விதித்திருக்க வேண்டும்.

பாட்டின் பொருள் கள்ளக் காதல். ஊரார் கண்ணுக்கு மறைந்து தெருவின் இருண்ட முனையில் சந்திக்கும் இருவருள் ஆண் பேசுவதாக அது அமைந்துள்ளது. காருடைய பதிவு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. அமைப்பில் மூன்று பத்திகளும், இரண்டாம் மூன்றாம் பத்திகளுக்கிடையே பிரிட்ஜ் எனப்படும் ஓர் இணைப்புப் பகுதியும் உள்ளன. தனிப் பல்லவி கிடையாது என்பதே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அக்காலத்து வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவை, பத்திகளில் சேர்த்துவைத்த உணர்ச்சியைக் கொட்டித் தீர்ப்பதற்கென்றே உரத்த பல்லவி ஒன்றைக் கொண்டிருந்தன. இப்பாட்டிலோ ஒவ்வொரு பத்தியும் மெல்ல ஏறி, தலைப்பில் உள்ள அந்த இருண்ட முனையிலேயே வந்து அடங்குகிறது. பாடுபவர் பொங்கி எழ விரும்பினாலும் பாட்டின் கட்டமைப்பு அவரை மீண்டும் மறைவிடத்துக்கே அழைத்து வந்துவிடுகிறது. இதனை உணராத பாடகர் கட்டமைப்போடு மல்லுக்கு நிற்பார். கார் அதற்கு இசைந்து நின்றார்.

முதற்பத்தியில், ஆழ்ந்த பாரிட்டோன் வகையைச் சேர்ந்த, அதாவது ஆண்குரலின் இடைத்தாழ் நிலைக்குரிய தம் குரலை, அவர் ஏறத்தாழப் பேச்சுக்கு நெருக்கமான அளவில் வைக்கிறார். கிதாரின் நடுக்கமூட்டிய மெல்லொலி முன்னே செல்ல, தாளம் விரைவின்றி நடக்க, குரல் அவற்றை முந்தாமல் வருகிறது. இரண்டாம் பத்தி, திருடிய அன்புக்கு ஒருநாள் விலை கொடுக்க வேண்டிவரும் என்னும் அறிவையும், அறிந்தும் விடமுடியாத நிலையையும் பேசுகிறது. அங்கே குரலின் அழுத்தம் சற்றுக் கூடினாலும் வரம்பைக் கடப்பதில்லை. இணைப்புப் பகுதியில்தான், பிடிபடப் போகிறோம் என்னும் அச்சம் அடுத்தடுத்து மும்முறை சொல்லப்படுகையில், குரல் முதன்முறையாகத் தன் முழு அகலத்தைக் காட்டுகிறது. காஸ்பெல் குழுக்களில் முதற்குரல் பாடுபவர் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சபையை எழுப்பும் முறை ஒன்று உண்டு. சபை எழுந்த பின்னர் அவர் இறங்குவதில்லை, மேன்மேலும் ஏறிக்கொண்டே போவார். கார் அம்முறையின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மும்முறை ஏறியவர், உச்சியில் நில்லாமல் மூன்றாம் பத்தியின் தாழ்ந்த குரலுக்குத் திரும்பிவிடுகிறார்.

மூன்றாம் பத்திதான் இவ்வழக்கைத் தீர்க்கிறது. பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் தற்செயலாக எதிர்ப்பட நேர்ந்தால் அறியாதவள் போலக் கடந்து போய்விட வேண்டும் என்றும், அழக்கூடாது என்றும் அவன் அவளிடம் கேட்டுக்கொள்கிறான். அழாதே என்று ஒருத்தியை வேண்டுபவன் தானே அழுதுகொண்டு வேண்டினால் அவ்வேண்டுகோள் பொய்த்துப் போகும். ஆதலின் காரின் குரல் அவ்விடத்தில் அழவில்லை. கடந்து போகும் நடையையே குரல் மேற்கொள்கிறது. இப்பதிவில் கண்ணீர் கேட்கிறது என்று எழுதிய அறிஞர்கள், பாட்டே கண்ணீரை விலக்கியிருப்பதையும் பாடகர் அவ்விலக்கை மதித்திருப்பதையும் கேட்கத் தவறினர். தன்னை அடக்க இயலாத மனத்தின் பீறலாக இப்பதிவு இருந்திருப்பின், அது இப்பத்தியில்தான் உடைந்திருக்கும். உடையவில்லை என்பதே இவ்வுரையின் முதன்மைச் சான்று.

இதற்கு எதிர்த்தரப்பினர் கூறும் மறுமொழி ஒன்று உண்டு. இவ்வடக்கம் கலையால் வந்ததன்று, நோயால் உணர்ச்சி மரத்துப்போனதால் வந்தது என்பது அது. அவ்வாறாயின் அதே காலத்தின் பிற பதிவுகளிலும் இந்த மரத்த தன்மை காணப்பட வேண்டும். 'யூவ் காட் மை மைண்ட் மெஸ்ட் அப்' பதிவின் இறுதியில் அவர் எதையும் மறைக்காமல் மன்றாடுகிறார். 1966இல் வெளிவந்த 'லவ் அட்டாக்' தொடக்கம் முதலே முழுக்குரலில் பாய்கிறது. சில மாதங்களுக்குள் இருவகைப் பாட்டுக்கும் இருவகைக் குரல் தந்த ஒருவரிடம் தேர்வு இருந்தது என்று கொள்வதே நேர்மை.

இதே பாட்டைப் பிறர் பாடியதோடு ஒப்பிடுவதும் பயன் தரும். கிளாரன்ஸ் கார்ட்டர் 1969இல் வெளியிட்ட பதிவில் பெரும்பகுதி பிரசங்கம் போன்ற பேச்சாகவே செல்கிறது. இறுதியில்தான் அவர் பாடத் தொடங்குகிறார். கள்ளக் காதல் அங்கே எல்லோரும் அறிந்து சிரிக்கும் பொதுச் செய்தி. அரீத்தா ஃபிராங்க்ளின் 1970ஆம் ஆண்டுத் தொகுப்பில் இதனை நெடிதாக விரித்து, தேவாலய எழுச்சியாகவே முடிக்கிறார். கார் எடுக்காது விட்ட அந்தப் பிற்பாதியை அவர் எடுத்துக்கொண்டார் எனலாம். ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவினர் 1969இல் இதனைக் கண்ட்ரி எனப்படும் நாட்டுப்புற மரபிசையாக மாற்றிப் பாடினர். இம்மூன்றும் மதிக்கத்தக்க பதிவுகளே, அரீத்தாவின் பதிவு மாபெரும் பதிவும்கூட. ஆயினும் மறைவு என்னும் பொருளை மறைவான குரலாலேயே சொன்னது கார் ஒருவரே. இயற்றிய டேன் பென் காருடைய பதிவையே முதன்மையானதாகக் கருதி வந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வேற்றினத்தாரிடையேயான காதலை இப்பாட்டு குறிப்பாக உணர்த்துகிறது என்று சொல்வோரும் உளர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலப்புமணத் தடைச் சட்டங்களை நீக்கியது 1967 ஜூனில் என்பதால் அவ்வாசிப்புக்கு ஒரு கவர்ச்சி உண்டு. பாட்டின் சொற்களில் அதற்கு நேரான ஆதாரம் இல்லையாயினும், 1967இல் அதனைக் கேட்ட தென்மாநிலத்தார் அவ்வாறு எண்ணியிருக்கக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

பிற பதிவுகள்

'அ மேன் நீட்ஸ் அ வுமன்' பாடலை இயற்றியவர், பின்னாளில் கண்ட்ரி இசைப் பாடகராகப் பெயர் பெற்ற ஓ.பி. மெக்ளின்டன் என்னும் கறுப்பினக் கவிஞர். 'யூவ் காட் மை மைண்ட் மெஸ்ட் அப்' பாடலும் அவருடையதே. தென்மாநில சோல் இசையும் கண்ட்ரி இசையும் எத்துணை நெருங்கியவை என்பதற்கு இவ்வுறவே சான்று. காரை ஓட்டிஸ் ரெடிங்கின் நிழல் என்று கூறுவோருக்கும் விடை இங்கேதான் உள்ளது. ரெடிங் சொற்களை உடைத்து அவற்றிலிருந்து தாளத்தைப் பிறப்பித்தார், கார் சொற்றொடரைக் குலைக்காமல் நீட்டிச் சென்றார். இது தனி விளக்கம் வேண்டும் பொருள். 1971இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக அவர் பாடிய தட்டு வெற்றி பெறவில்லை. 1990களில் மீண்டும் உயிர்பெற்ற கோல்ட்வாக்ஸ் பெயரில் இரு தொகுப்புகள் வெளிவந்தன. அவற்றில் குரல் தேய்ந்திருப்பினும் சொற்றொடரை நிறுத்தும் இடங்கள் பழையவையே.

இனிச் செய்யத்தக்கவை

நேரம் குறைவாதலின் சில குறிப்புகள் மட்டும். ஒரே காஸ்பெல் குழுவில் பயின்ற ஓ.வி. ரைட்டையும் காரையும் அருகருகே வைத்துக் கேட்டு, முதற்குரல் மரபில் எதனை எவர் எடுத்துக்கொண்டார் என்று வரையறுக்கும் ஆய்வு முதலில் வேண்டும். ரைட்டின் வாழ்வு வேறு வழியில் சென்றமையால், நோயை விலக்கிக் குரலை மட்டும் நோக்க அது பெரிதும் உதவும். ரூஸ்வெல்ட் ஜாமிசன் பாடலாசிரியராகவும் ஆதரவாளராகவும் செய்த பணி தனி நூலுக்கு உரியது. ஸ்பென்சர் விக்கின்ஸ், ஓவேஷன்ஸ் குழுவினர் முதலிய கோல்ட்வாக்ஸ் கலைஞர்களின் பதிவுகளை மெக்ளின்டனின் பாடல்களோடு சேர்த்து அட்டவணைப்படுத்தலாம். அமெரிக்காவில் மறக்கப்பட்ட இப்பாடகரை இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இருந்த சேகரிப்பாளர்கள் மறுபதிப்புகளால் காத்த வரலாறும் எழுதப்படாமல் உள்ளது. மாணவர் எவரேனும் எடுத்துக்கொள்ளலாம்.