தொழிற்பேட்டைக்கு ஒரு மனையியல் பாடம்

திருவள்ளூர் மின்ரயிலில் வேப்பம்பட்டுக்கு வருகிறவர்களுக்குப் பொறியியல் கல்லூரிப் பெயர்ப்பலகைகள் புதிதல்ல. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் திருப்பெரும்புதூரிலும் ஆலைகள் இருக்கும்போது அது இயல்புதான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இயந்திரத்தைப் பற்றி நான்கு ஆண்டு படிக்க வழி செய்துவிட்டோம். அந்த இயந்திரத்தின் முன் நிற்கிறவரின் குடும்பத்தையும் குழந்தையையும் உடுப்பையும் பற்றிய படிப்பை மட்டும் பெண்கள் கல்லூரியின் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டோம். மனையியல் என்ற அந்தப் படிப்பு இந்தத் தொழில் வட்டாரத்துக்குத்தான் அதிகம் வேண்டும், அதுவும் ஆண்களும் சேர்ந்து படிக்கும் பாடமாக வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம்.

சமையல், தையல் என்று இந்தப் படிப்பைக் கேலி பேசுவோர் அதன் பிறப்பை அறியாதவர்கள். அமெரிக்காவில் இதற்கு வித்திட்ட எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873-இல் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குடிநீரை ஆயிரக்கணக்கான மாதிரிகள் எடுத்துச் சோதித்தவர். உணவுக் கலப்படத்தையும் வீட்டுச் சுகாதாரத்தையும் அதே ஆய்வுக்கூடக் கண்ணோடு பார்த்தார். இந்தியாவில் 1932-இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கியது. கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் 1957-இல் மகளிருக்கான மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் பல்லாண்டு வழிநடத்த, 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆனாலும், பெண்ணுக்குப் பட்டம் கொடுத்து அடுப்படிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது என்று பெண்ணியவாதிகள் சொல்லும் குற்றச்சாட்டை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பழி பாடத்தின் பொருளால் வந்ததல்ல, வகுப்பில் யாரை உட்கார வைத்தோம் என்பதால் வந்தது. ஆகவே பாடத்தை மூட வேண்டாம், வகுப்பின் கதவைத் திறந்தால் போதும்.

உடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பைக் காய்ச்சி உருட்டும் ஆலைகள் கும்மிடிப்பூண்டியில் உண்டு. பருத்தித் துணியில் நெருப்புப் பொறி விழுந்தால் கருகும், எரியவும் செய்யும். பாலியெஸ்டரோ சுமார் 260 பாகை செல்சியஸில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். வியர்வையை உறிஞ்சுவதிலும் பருத்திக்கு அது ஈடாகாது. அப்படியிருந்தும் கசங்காது, வெளுக்காது, விலை குறைவு என்று கலப்புத் துணியில் சீருடை தைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உலைக்கு முன் நிற்கிறவருக்கு எந்த நூல், எந்த நெசவு, எவ்வளவு தளர்வு என்பது துணியியல் வகுப்பில் நாள்தோறும் படிக்கும் பாடம். அதைப் படித்தவர் கொள்முதல் மேசையில் இல்லை என்பதுதான் குறை.

குழந்தை வளர்ப்புக்கு வந்தால், பாட்டிக்குத் தெரியாததைப் பட்டதாரி சொல்லப் போகிறாரா என்று கேட்பார்கள். பாட்டியின் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டி ஊரில் இருக்கிறாரே! திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் மண் குழைக்க, பிள்ளை களத்தில் கிடக்கிறது. வீட்டில் ஒடியா, வெளியே தமிழ். அந்தப் பிள்ளையோடு எந்த மொழியில், எப்படிப் பேசினால் பேச்சு வளரும் என்பது எளிய கேள்வி அல்ல. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களில் வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சுகாதாரப் பணியாளர்கள் சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டில் கிடக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுதான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் அந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். ஊட்ட உணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படிப்பட்ட பலன் நிலைக்கவில்லை. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கிப் பெருமைப்பட்ட மாநிலம் நம்முடையது. சோற்றோடு பேச்சும் வேண்டும் என்பதை நாம்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நாட்டின் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மனைவி பகல் ஷிப்ட், கணவன் இரவு ஷிப்ட் என்றால், பகலில் பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டியவர் அரைத் தூக்கத்தில் இருக்கும் அப்பாதான். மனையியலின் குடும்ப உறவுகள் என்ற தாளை மகளுக்கு மட்டும் வைத்துவிட்டு மகனுக்கு விலக்களித்தால் அந்த வீடு எப்படி நடக்கும்?

படித்தால் வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் கேள்வி, நியாயமான கேள்வி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும், அதைக் குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்கள் நடத்த வேண்டும் என்று எழுதியது. 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. வேலையைச் சட்டம் எழுபது ஆண்டுக்கு முன்பே உண்டாக்கிவிட்டது, ஆளைத்தான் நாம் உருவாக்கவில்லை. இதற்குப் புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. இங்குள்ள கல்லூரிகள் முதலாண்டில் எல்லா மாணவருக்கும் ஒரு விருப்பப் பாடமாக வைக்கட்டும். துணி எரியும் விதத்தைச் சோதிக்கப் பொறியியல் ஆய்வகமே போதும். செய்முறைக்குப் பக்கத்து அங்கன்வாடியும் சூளையும் இருக்கின்றன. பாடம் நடத்தக் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆசிரியர்களை அழைத்துக்கொள்ளலாம்.