முன்வரிசையில் அம்மா

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நீண்ட விமானப் பயணம் போகிறவர்களுக்குச் சில சுகாதாரக் குறிப்புகள் சொல்லும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள. நம்மில் பலர் லண்டன், ரொறன்ரோ, மெல்பன் என்று இருப்பதால் நியாயமான வேண்டுகோள்தான். குறிப்புகள் வரும். அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்பது இந்தப் பாடசாலை விடுதியில் ஒரே அலுமாரியைப் பங்குபோட்ட அக்காவும் தங்கையும். மூத்தவர் டொக்டர், இளையவர் கணக்காளர். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு வரும் பஸ்ஸில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். அந்தப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் நிற்கும் இடம்வரை தூக்கி வந்தவர் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன.

அவரை லண்டனுக்குச் சுற்றுலா கூட்டிப்போவதென்று முடிவு செய்தோம். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோ வரை நேரே போனாலும் ஏறத்தாழ 11 மணித்தியாலம். அந்த முழங்காலை மடக்கி அவ்வளவு நேரம் உட்காரவைக்க மனம் வரவில்லை. பிஸ்னஸ் கிளாஸில் மூன்று டிக்கெட் எடுத்தோம். விலையை மட்டும் சொல்லவில்லை. தோட்டத்தில் 1,000 ரூபா நாட்சம்பளம் வந்ததே 2021இல்தான். அதைக் காணாமலே வேலையிலிருந்து நின்றவர் அம்மா. தன் பேர்ச் சம்பளத்தால் அந்த டிக்கெட்டை அவர் வகுக்கத் தொடங்கினால் பயணமே நின்றுவிடும்.

கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான், இது அம்மாவின் இரண்டாவது கடவுச்சீட்டு என்பது எங்களுக்கு உறைத்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. தாத்தா போட்ட இந்திய விண்ணப்பத்தில் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. எழுபதுகளில் பெரியம்மாவின் குடும்பம் புறப்பட்டது. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அழுகைக் கோச்சி என்று நம் ஆட்கள் சொன்னது அதைத்தான். பெரியம்மா கடைசியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். அம்மா கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, இன்று நாளை என்றிருக்க, 1984இல் கப்பல் நின்றுபோனது. மடுல்கெல்ல லயத்தில் பிறந்தவர், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காகிதத்தில் இந்தியர். ஒரு முத்திரைகூடக் குத்தப்படாத அந்த முதல் கடவுச்சீட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கப்பல் இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருந்தால் நாங்கள் இந்த விடுதிக்கு வந்தே இருக்க மாட்டோம்.

விமானத்தில் ஆசனம் பொத்தானை அமுக்கினால் கட்டிலாகிறது. அம்மா அதன்மேல் சம்மணமிட முயன்றார், முடியவில்லை. பிறகு காலை நீட்டிக்கொண்டு சேலையைச் சரிசெய்தபடியே இருந்தார். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னா புள்ள, தேத்தண்ணி இப்புடிச் சப்புன்னு இருக்கு?" என்றார். சரியாகத்தான் சொன்னார். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். நுவரெலியாவிலிருந்து பிதுருதலாகலை உச்சியை எட்டும் அளவு. அங்கே தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். சாயம் நன்றாக இறங்காது. வறண்ட காற்றில் மூக்கும் காய்ந்து, உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரியும். பிஸ்னஸ் கிளாஸ் காசு கொடுத்தாலும் இதற்கு மாற்றில்லை.

பிறகு முன்னாலிருந்த திரையில் வரைபடத்தைப் போட்டுக் காட்டினோம். இது கொழும்பு, இது மன்னார், எதிரே இராமேஸ்வரம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இங்கனயே எறக்கிவிட்டாப் போதுமே. அக்கா வீட்டுக்குப் போயிருவேன்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. பெரியம்மா ஒரு தடவை இளையவரின் கலியாணத்துக்கு வந்து போயிருக்கிறார். அம்மா அங்கே போனதே இல்லை. லண்டன், தேம்ஸ் நதி, அரண்மனை எல்லாம் எங்கள் ஆசை. விடுதிக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் படித்தவை. எங்கே போக விருப்பம் என்று அம்மாவிடம் நாங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. முழங்காலைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறோம்.

இனிக் குறிப்புகள். நெடுநேரம் அசையாமல் இருந்தால் காலின் ஆழ்நாளத்தில் குருதி உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. இதை எக்கனமி கிளாஸ் நோய் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அது தவறான பெயர். கால் நீட்ட இடமிருந்தாலும், அசையாமல் கிடந்தால் அதே கதைதான். 4 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. பஸ், கோச்சி, கார் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பயந்துவிடாதீர்கள், ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான். ஆனால் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பு ஒருமுறை கட்டி வந்தவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் டொக்டரிடம் பேச வேண்டும். முன்வரிசையில் வைன் தாராளமாகத் தருவார்கள். அதோடு தூக்க மாத்திரையும் போட்டு மரக்கட்டைபோல் கிடப்பது மிக மோசம். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். எழுந்து நடங்கள்.

அம்மாவுக்கு ஒரு தடவைதான் சொன்னோம். அதன்பின் மணிக்கொரு தரம் எழுந்து, ஆசனங்களைப் பிடித்துப் பிடித்து, நிரை முடிக்கிறவர்போல் முன்னும் பின்னும் நடந்தார். திரைச்சீலைக்கு அப்பால் நெருக்கமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்து, "நமக்கு மட்டும் ஏன் இவ்ளோ எடம்?" என்று கேட்டார். விலையைச் சொல்ல வேண்டிவரும் என்று பேச்சை மாற்றினோம்.

லண்டனில் பத்து நாள் நன்றாகவே இருந்தார். கியூ தோட்டம்தான் மிகவும் பிடித்தது. பெரியம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வையை, தபாலில் அனுப்பலாம் என்றோம், கொடுக்க மறுத்துவிட்டார்.

டிசம்பர் லீவுக்குச் சென்னைக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை ரயில், பிறகு கோத்தகிரிக்குப் பஸ். விமானத்தில் சாதாரண வகுப்புதான்; டிக்கெட் விலை என்ன என்று இந்தத் தடவை அம்மா முதலிலேயே கேட்டுவிட்டார்.