புதினங்களின் புகழும் தமிழர் உரைகல்லும்

(சிவகாசி வட்டாரத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

  

பெயர் என்பது வெற்றொலி அன்று என்பதை நாட்டுக்குக் காட்டிய மண் இது. 1956-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், தாய்நிலத்துக்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடல் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து 76 நாள் உண்ணாதிருந்து, அவ்வாண்டு அக்தோபர் 13-இல் உயிர் நீத்தார். அப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14-இல். ஒரு பெயருக்கு அத்துணை விலை கொடுத்த மண்ணில் நின்றுகொண்டு, 'அழியாப் புகழ்ப் புதினம்', 'செவ்வியற் படைப்பு' என்று சில நூல்களுக்கு வழங்கப்பெறும் பெயர்கள் பொருந்துவனவா எனக் கேட்பது குற்றமாகாது. கேளாதிருப்பதே குற்றம்.

மூன்று கட்சிகள்

தமிழ் படிப்போரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவருகின்றது. ஒரு கட்சியார், "தலைமுறை தலைமுறையாக மக்கள் விரும்பிப் படிக்கின்றனர், மக்கள் தீர்ப்பே தீர்ப்பு" என்பர். மற்றொரு கட்சியார், "விற்பனை வேறு, தரம் வேறு, கிழமைதோறும் ஆவலைத் தூண்டி, அடுத்த இதழுக்குக் காத்திருக்க வைக்கும் தொடர்கதை கலையாகிவிடாது" என்பர். க.நா.சுப்பிரமணியம் இப் பின்னைய கருத்தை விடாது எழுதிவந்தார். ஈழத்துப் பேராசிரியர் கைலாசபதியோ, 1968-இல் வெளிவந்த தம் 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலில், புதினத்தை அது பிறந்த குமுகாயத்தோடு சேர்த்தே எடைபோட்டார்.

மூன்றாம் கட்சியார் தனித்தமிழன்பர். "வடசொல் மலிந்த நூல் எதுவாயினும் அது தமிழ்ச் செவ்வியல் ஆகாது" என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவர். இக் கட்சியின் சினத்துக்குக் கரணியம் உண்டு. ஆயினும் சினம் வேறு, தீர்ப்பு வேறு. மூன்று கட்சியாரும் உண்மையின் ஒவ்வொரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அதனையே முழுமை என்கின்றனர். நூல்களையே எடுத்து உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

சரித்திரமும் வரலாறும்

தமிழின் முதற் புதினம் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. அடுத்து வந்தவை இராசம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்', மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. மூன்றன் தலைப்பும் சரித்திரம் என்றே முடிகின்றன. 'வரலாறு' என்னும் செந்தமிழ்ச் சொல் கையருகே இருக்க, மூவரும் அதனைத் தொடவில்லை. அக்காலத்துக் கற்றோர் நடை எவ்வளவு தூரம் தாய்மொழியை விட்டு விலகியிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயினும் இவ்விடத்தே தனித்தமிழன்பர் சற்று நிற்றல் வேண்டும். முதற் புதினத்தின் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை முறைமன்ற நடுவராய் இருந்தவர். ஆங்கிலத்தில் இருந்த மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் ஆக்கி வெளியிட்டவர். வழக்குமன்றங்களில் தமிழே வழங்கவேண்டும் என்னும் கருத்தைத் தம் புதினத்துக்குள்ளேயே வைத்து வாதிட்டவர். 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கத் தீர்மானம் இயற்றியது. அது இன்னும் நிறைவேறவில்லை. இன்று தமிழர் கேட்கும் உரிமையை அன்றே கேட்ட நூலை, தலைப்பில் உள்ள ஒரு சொல்லுக்காகத் தூக்கி எறிவது அறிவாகுமா? அதன் குறை வேறிடத்தில் உள்ளது. கதைக்குள் கிளைக்கதைகளையும் அறவுரைகளையும் அடுக்கிச் செல்வதால் மாந்தர் உயிர்பெறத் தடுமாறுகின்றனர். எனவே, 'முதல்' என்னும் சிறப்பு அதற்கு உரியது. 'முதன்மை' என்னும் சிறப்பு உரியதன்று.

26 அகவையிலேயே மறைந்த இராசம் ஐயரின் நூல் கதைத்திறத்தில் அதனினும் மேம்பட்டது. ஒரு சிற்றூரின் வீட்டுப் பேச்சும் புறங்கூறலும் பூசலும் அதில் கண்முன் நிற்கின்றன. பின்பகுதியிலோ கதை தளர்ந்து மெய்யியல் மேலோங்குகின்றது. ஒரு குலத்தாரின் தெருவை அவர் உள்ளவாறே எழுதினார் என்பதே அந் நூலின் வலிமை. அத் தெருவுக்கு வெளியே தமிழகம் இருந்தது என்பது அந் நூலின் எல்லை.

கல்கியும் கல்லும்

இனி, வழக்கின் நடுவே நிற்கும் நூலுக்கு வருவோம். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்தோபர் முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஐந்து பகுதிகள் கொண்டது. ஆசிரியரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்களும் அதனை அச்சிட்டன. 2022-இலும் 2023-இலும் இரு பகுதிகளாகத் திரைப்படமும் ஆயிற்று. நூலைத் தொடாதவரும் வந்தியத்தேவனை அறிவர்.

கல்கியின் நிறைகளை மறைத்துப் பேசுதல் தமிழ்ப் பண்பன்று. தமிழிசைக்காக அவர் எழுதிய எழுத்தும், இவ்வூருக்கு அண்மையில் எட்டயபுரத்தில் 1947-இல் திறக்கப்பெற்ற பாரதி மணிமண்டபத்துக்காக அவர் உழைத்த உழைப்பும் நன்றியோடு நினைக்கத்தக்கன. தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயரளவில் நிற்கும் வல்லவரையர் வந்தியத்தேவரைக் குதிரையேற்றி வீராணத்துக் கரையில் ஓடவிட்டது எளிய திறமன்று. பூங்குழலி என்னும் தமிழ்ப்பெயரை எத்தனையோ வீடுகளில் பெண்மக்களுக்குச் சூட்டுவித்ததும் அந் நூலே.

குறை எங்குள்ளது? மொழியில் ஒரு பாதி. 'வஞ்சினம்' என்னும் தொல்காப்பியக் காலச் சொல் இருக்க, பல்லவர் காலக் கதைக்குச் 'சிவகாமியின் சபதம்' என்றே அவர் பெயரிட்டார். மற்றொரு பாதி உண்மையில் உள்ளது. ஆதித்த கரிகாலன் கொலையே பொன்னியின் செல்வனின் முடிச்சு. அக் கொலையைப் பற்றி உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு பேசுகின்றது. இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அவ் வாணை, கொன்றவர்களாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலான உடன்பிறந்தாரைக் குறித்து, அவர்தம் உடைமையும் உறவினர் உடைமையும் பறிக்கப்பெற்றமையைத் தெரிவிக்கின்றது. அவருள் இருவர்க்குப் 'பிரமாதிராசன்' என்னும் பட்டம் இருந்தது. அது சோழ அரசில் உயர்பணி பார்த்த பார்ப்பனர்க்கு வழங்கப்பெற்ற பட்டம்.

புதினத்திலோ இரவிதாசன் மந்திரக்காரனாகவும் பாண்டியரின் கையாளாகவும் வருகின்றான். சோழ அரசின் உள்ளே இருந்த பட்டம் பெற்ற அலுவலர் என்னும் செய்தி பின்னுக்குப் போய்விடுகின்றது. கொன்றவர் யார் என்பதும் புகைமூட்டத்துள் விடப்படுகின்றது.

"புதினம் கற்பனைதானே, வரலாற்று நூலன்றே!" என்று முதற்கட்சியார் கேட்பர். கேள்வி முறையானதே. கற்பனை செய்ய எழுத்தாளர்க்கு உரிமை உண்டு. ஆனால் அக் கற்பனையே சோழர் வரலாறு என்று நாடு நம்பத் தொடங்கும்போது, கல் சொல்வதையும் சேர்த்துச் சொல்லும் கடமை கற்றோர்க்கு உண்டு. கொலைக்குப் பின்னே யார் இருந்தனர் என்பதில் நீலகண்ட சாத்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் ஒத்த கருத்தினர் அல்லர். ஆய்வாளரே மாறுபடும் இடத்தில் புதினத்தைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

எனவே, பொன்னியின் செல்வன் தமிழரைப் படிக்கப் பழக்கிய நூல் என்னும் புகழுக்கு முற்றும் உரியது. தமிழர் வரலாற்றின் கண்ணாடி என்னும் புகழுக்கு உரியதன்று.

நதிக்குடியிலிருந்து

இம் மாவட்டத்து நதிக்குடியில் 1932-இல் பிறந்து 1987-இல் மறைந்தவர் நா.பார்த்தசாரதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் தமிழ் கற்றவர், தமிழாசிரியராய் இருந்தவர், 1965-இல் 'தீபம்' இதழைத் தொடங்கியவர், 'சமுதாய வீதி' புதினத்துக்கு 1971-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். அவர்தம் 'குறிஞ்சி மலர்' வந்தபின் பிறந்த குழந்தைகள் பலர்க்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்தனர்.

அந் நூலையும் இரு கட்சியாரும் இழுக்கின்றனர். "அவ்வளவு தூய மாந்தர் உலகில் உண்டா?" என்று ஒரு சாரார் நகைப்பர். அந் நகைப்பில் பொருள் உண்டு. அரவிந்தனுக்கும் பூரணிக்கும் குறையே இல்லை என்பதுதான் அவர்தம் குறை. ஆயினும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் மகளைக் கதைத்தலைவியாக்கி, தந்தையை இழந்து தம்பி தங்கையரைத் தாங்கும் பெண் தன்மானத்தோடு நிற்க முடியும் என்று காட்டியது சிறுசெயலன்று. கதைத்தலைவன் ஓர் அச்சகத்தில் பணிபுரிபவன் என்பதை, அச்சுக்கே பெயர்பெற்ற சிவகாசியார் நினைவிற் கொள்ளல் தகும்.

தூய்மை மட்டும் போதுமா?

இனிக் கசப்பான ஒன்று. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளே புதினம் எழுதினார். 'கோகிலாம்பாள் கடிதங்கள்' மடல்வடிவில் அமைந்த இனிய தமிழ்நூல். மு.வரதராசனாரின் 'கரித்துண்டு', 'அகல் விளக்கு' முதலியவை தலைப்பிலேயே தமிழ் மணப்பவை. அகல் விளக்கு 1961-இல் அக்காதெமிப் பரிசும் பெற்றது. அடிகளின் புதினத்தை இன்று படிப்பவர் எத்தனை பேர்? மு.வ.வின் கதைமாந்தர் பல இடங்களில் வாழ்வதை விட்டுச் சொற்பொழிவாற்றுகின்றனர் என்னும் திறனாய்வை மறுக்கத்தான் இயலுமா? தூய சொல் புதினத்துக்கு நல்ல உடம்பு; உயிர் வேறிடத்திலிருந்து வரவேண்டும்.

அவ் வுயிர் எங்கிருக்கின்றது? இக் கரிசற் காட்டிலேயே இருக்கின்றது. கி.இராசநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி கண்டார். கோவிற்பட்டிப் பகுதியினரான பூமணி 'பிறகு', 'வெக்கை' முதலிய புதினங்களை இம் மண்ணின் பேச்சிலேயே எழுதினார். 1899-ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தைத் தன்னுட் கொண்ட அவரது 'அஞ்ஞாடி' 2014-இல் அக்காதெமிப் பரிசு பெற்றது. "கொச்சை நடை" என்று புலவர் சிலர் இவற்றை ஒதுக்குவர். மொழிஞாயிறு பாவாணர் அங்ஙனம் ஒதுக்கியவர் அல்லர். நாட்டுப்புறத்தார் வாய்ச்சொல்லில் தமிழின் வேர்கள் உள்ளன என்று அவர் தேடித் தொகுத்தார். ஏர் பிடிப்பவன் வாயில் வழங்கும் சொல், கற்றோர் எழுதிய கலப்பு நடையினும் தூயதாய் இருத்தல் கூடும்.

உரைகல்

ஆகவே, ஒரு புதினத்தின் புகழை மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்கலாம். சொல் தமிழாய் உள்ளதா? மாந்தர் மெய்யாய் உள்ளனரா? படித்து முடித்தவன் தன் மண்ணையும் மக்களையும் முன்னினும் தெளிவாய்க் காண்கின்றானா? மூன்றுக்கும் 'ஆம்' என விடை வரும் நூல் மிகச் சிலவே. ஒன்றிற்கேனும் விடை தருவதை, அவ்வொன்றுக்காக மட்டும் போற்றுதல் வேண்டும். இல்லாத இரண்டையும் சேர்த்துப் போற்றுவது நூலுக்கும் தீங்கு, படிப்பவனுக்கும் தீங்கு.

இளைஞர் கையிலிருந்து கல்கியைப் பறிக்க வேண்டா. ஐந்து பகுதியையும் படிக்கட்டும். உடையார்குடிக் கல்லில் உள்ளதையும் உடன் சொல்லுங்கள். வேதநாயகரைப் படிக்கட்டும், அவர் தமிழுக்காகக் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். பூமணியைப் புலவரும் படிக்கட்டும்.

இறுதியாக ஒன்று. 1922-இல் சிவகாசியார் இருவர் கொல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், பின்னர்ப் பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்து, ஒரு நூற்றாண்டாய் இம் மக்களுக்குச் சோறு போடுகின்றது. 2012 செப்தம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்துகளில் உயிரையும் பறிக்கின்றது. அன்று ஒரே நாளில் மடிந்தோர் 35-க்கும் மேற்பட்டோர். தீக்குச்சி அடுக்கிய சிறுமியர் வளர்ந்து பாட்டியராகிவிட்டனர். கருந்திரி வெட்டும் கைகளுக்கும், மருந்து செலுத்தும் கைகளுக்கும் சொல்வதற்கு ஆயிரம் கதைகள் உண்டு. தமிழகமெங்கும் புகழப்பெறும் புதினங்களுள் அக் கைகளுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

எந்தப் புதினம் பெரிது என்னும் வழக்கில் பொழுதைப் போக்கும் இளைஞருள் ஒருவரேனும் அவ் விடத்தை நிரப்ப எழுதுகோலை எடுக்கட்டும். தாயிடம் கற்ற சொல்லில் எழுதட்டும். பொய் கலவாது எழுதட்டும். அந் நூல் வரும் நாளில், அதன் தகுதியைப் பிறர் சான்றிதழ் கொண்டு நிறுவவேண்டிய தேவை இராது.

வாழ்க தமிழ்!