களனி கங்கையின் நுரைநீரில்



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பொழிவோர் உளர். புகைவண்டி நிலையத்தில் பேரேடு எழுதிப் பழகிய எம்மை, இலங்கைக்குச் சென்று வந்த செய்தியைக் கூறுமாறு செயலாளர் பணித்துள்ளார். பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டவர் யாம். சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நமக்கு ஆறு புதியதன்று. அகத்தியர் மலையில் பிறந்து பூவாற்றில் கடலைச் சேரும் நெய்யாற்றின் பாலத்தை நாள்தோறும் வண்டியில் கடக்கிறோம். ஆயினும், 'ஆற்றில் இறங்காதே' என்பது ஒன்றையே நம் பெற்றோர் நமக்குக் கற்பித்தனர். நாமும் நம் மக்களுக்கு அதையே கற்பிக்கிறோம். சென்ற ஓணம் விடுமுறையில் நம் காலனியிலிருந்து புறப்பட்ட அறுவருள் இருவர்க்கே நீந்தத் தெரியும் என்றால், அக்கல்வியின் பயன் விளங்கும்.

திருவனந்தபுரத்தில் விமானமேறிக் கொழும்பை அடைந்தோம். அங்கிருந்து அவிசாவளை வழியாக அட்டன் செல்லும் மலைப்பாதையில், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கித்துல்கல என்னும் ஊர். சிங்கள மொழியில் கித்துல் என்பது கூந்தற்பனை. கல என்பது கல். பெயருக்கேற்பப் பனையும் பாறையும் செறிந்த அவ்விடத்தில், மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் களனி கங்கை பாறைகளுக்கிடையே ஒடுங்கிப் பாய்கிறது. நீரோடு காற்றுக் கலந்து நுரைப்பதால் ஆறே வெண்மையாகத் தோன்றும். அருவிப்புறத்துப் பாறைகளிடையே மழைக்கால நெய்யாறு இரைவதைக் கேட்டவர்கள், அதனைப் பன்மடங்காக்கி எண்ணிக்கொள்ளலாம். இத்தகைய பாய்ச்சல்களை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கின்றனர். கித்துல்கலையில் உள்ளவை பெரும்பாலும் 2, 3 ஆம் தரத்தன. புதியோரும் துணையோடு செல்லத்தக்கவை.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் இளைஞர். காற்றடைத்த ரப்பர் ஓடத்தைக் கரையில் இருத்தி, மிதவைச் சட்டையின் வார்களைத் தாமே இழுத்து இறுக்கித் தலைக்கவசமும் அணிவித்தார். எங்களுள் மூத்தவர், “தலைக்கவசம் எதற்குத் தம்பி? விழுந்தால் தண்ணீரில்தானே விழுவோம்?” என்றார். “ஐயா, தண்ணீருக்குள் கல் இருக்கிறது” என்று அவர் அடக்கமாக விடை கூறவே, மறுபேச்சு எழவில்லை.

பின்னர் நான்கு கட்டளைகளைக் கற்பித்தார்: முன்னே துடுப்பிடு, பின்னே துடுப்பிடு, நிறுத்து, உள்ளே குனிந்துகொள். ஓடத்திலிருந்து விழுந்தவர் செய்ய வேண்டியதையும் கூறினார். மல்லாந்து மிதக்க வேண்டும்; கால்கள் நீர் ஓடும் திசையை நோக்கி, விரல்கள் நீருக்கு மேலே தெரிய இருக்க வேண்டும்; நீரின் வேகம் தணியும்வரை எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால், இடுப்பளவு நீரும் ஆளைக் கவிழ்த்து அமிழ்த்திவிடுமாம். நின்றால் பிழைப்போம் என்று நம்பியிருந்த எங்களுக்கு இது புதுமையாக இருந்தது.

முதற் பாய்ச்சலைச் சிரிப்போடு கடந்தோம். இரண்டாவதில் ஓடத்தின் மூக்குச் சரிந்து இறங்க, வெண்ணுரை எழுந்து கண்ணை மறைத்தது. “முன்னே, முன்னே!” என்று வழிகாட்டி கூவினார். அறுவர் கைகளும் ஒருங்கே நின்றுவிட்டன! துடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பற்றினோம். கணத்தில் ஓடம் குறுக்கே திரும்பிப் பாறையில் மோதிற்று. எங்களுள் ஒருவர் நீரில் வீழ்ந்தார். அவர் பெயரை இம்மேடையில் சொல்லலாகாது என்று அவரே கேட்டுக்கொண்டுள்ளார். அவருடைய துணைவியார் சிரிப்பதைப் பார்த்து யாரும் ஊகிக்க வேண்டா.

வீழ்ந்தவர் முதலில் நிற்கவே முயன்றார். “காலைத் தூக்குங்கள் ஐயா!” என்ற குரல் கேட்டு மல்லாந்தார். வழிகாட்டி பையிலிருந்த கயிற்றை எறிந்தார். அது அவர் மார்பின்மேல் வந்து விழுந்தது. இழுத்து, மிதவைச் சட்டையின் தோள்வாரைப் பற்றி ஓடத்தில் ஏற்றினோம். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அந்த நிமிடத்தில், அவர் இல்லாமல் அவர் வீட்டாரை எவ்வாறு எதிர்கொள்வோம் என்று ஐவரும் எண்ணினோம்.

அமைதியான நீரை அடைந்தபின் அவ்விளைஞர் சொன்னார்: “அச்சம் வந்தால் கை நின்றுவிடும் ஐயா. கை நின்றால் ஓடம் நம் சொல் கேளாது. ஆற்றின் சொல்லைத்தான் கேட்கும். பயந்துகொண்டே துடுப்பிடுங்கள், அது போதும்.” எஞ்சிய பாய்ச்சல்களை அவ்வாறே கடந்தோம். அச்சம் போகவில்லை, கைகள் மட்டும் நிற்கவில்லை.

கரையேறியபின் அவ்வூரிலேயே மற்றோரிடத்தைக் கண்டோம். 1957 இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்திற்காக அந்த ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, படத்திற்காகவே தகர்த்தனர். அடித்தளத்தின் மிச்சம் இன்றும் உள்ளது. படத்தின் கதைக்கு அடிப்படையான சயாம் - பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படையினர் போட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அதற்காக உழைத்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் மிகப் பலர். இருப்புப்பாதையால் உண்ணும் எங்களுக்கு அவ்விடத்தில் பேச்சு எழவில்லை. ஊர்விட்டு ஊர் போன அம்மக்களுக்குக் கயிறு எறிய ஒருவரும் இல்லை அல்லவா?

நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. நமக்குக் கயிறு எறியவே இச்சங்கம் இருக்கிறது. ஆதலின் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். நாம் தடுத்தாலும் நம் பிள்ளைகள் நெய்யாற்றில் இறங்கத்தான் செய்கின்றனர். தடுப்பதினும் கற்பிப்பதே நன்று. அடுத்த கோடை விடுமுறையில், தேர்ந்தவரைக் கொண்டு, பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து நீச்சல் கற்பிக்கச் சங்கம் ஏற்பாடு செய்தல் வேண்டும். மிதக்கும் கயிறும் நான்கு மிதவைச் சட்டைகளும் சங்க இல்லத்தில் என்றும் இருத்தல் வேண்டும். மூழ்குபவரைக் கண்டால், பயிற்சியில்லாதவர் குதித்தால் போவது இரண்டு உயிர். கரையில் நின்று கயிறு எறிந்தால் இரண்டும் மிஞ்சும். இதனை ஒவ்வொரு பிள்ளையும் அறிதல் வேண்டும்.

முதற் சட்டையின் விலையை நீரில் வீழ்ந்த அந்த அன்பரே தருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். எஞ்சிய மூன்றிற்கு உங்களிடம் கையேந்துகிறோம்.