ஏல விலையும் தபால் செலவும்



இணைய ஏலத்தில் பழைய அகராதி ஒன்று 10 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் செலவென்று விற்பவர் கேட்பதோ 400 ரூபாய். அஞ்சலகத்தில் அவர் செலுத்துவது 60 ரூபாய்தான். இது முறையாகுமா?

பெட்டிக்கும், தாளுக்கும், கட்டுவோர் உழைப்புக்கும் கூலி கேட்பதில் தவறில்லை. அகராதிக்கே 350 ரூபாய் கேட்பதும் விற்பவரின் உரிமையே. விலையைத் தபால் கணக்கில் ஒளித்துவைப்பதுதான் குற்றம். ஏலம் கேட்பவர் குறைந்த விலையைக் கண்டு மயங்குகிறார்; பொருளைத் திருப்பியனுப்பும்போது, அனுப்பிய செலவு பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.

‘ஈபே’ ஏலத் தளம் முன்பு பொருளின் விலைமீது மட்டுமே தரகு பெற்றது. தரகைக் குறைத்துக்கொள்ளவும் விற்பவருக்கு இவ்வழி உதவிற்று. 2011-இல் அமெரிக்காவில் அனுப்பும் செலவையும் சேர்த்தே அத்தளம் தரகு கணக்கிடலாயிற்று.

நம் நாட்டில், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், அனுப்பும் செலவு உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகவும், இனவாரியாகப் பிரித்தும் காட்டுமாறு விற்பவரைப் பணிக்கின்றன. ஆதலால் ஏலம் கேட்குமுன் இரு தொகைகளையும் கூட்டிப் பாருங்கள். அக்கூட்டுத்தொகையே பொருளின் உண்மை விலை. அதனை முதலிலேயே சொல்வது வணிகரின் கடமை.