உபயம் எழுதாத கொடைகள்

(மேல்மலையனூரில் நடந்த ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘கற்பித்தலில் இணையத்தின் பயன்பாடு’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பயிற்சி பெறாத ஆசிரியர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்க முடியாது. ஆகவே, தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். இணையத்திலிருந்து நாம் எடுப்பதை அங்கே வைத்தவர்கள் யார் என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் பள்ளிகளில் ஒரு பொருள் வந்து சேர்ந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அரசு கொடுத்தது என்றால் ஆணை எண் இருக்கும், இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஊரார் கொடுத்தது என்றால் பெயின்டால் ‘உபயம்’ என்று எழுதிவிடுவார்கள். மின்விசிறியின் இறக்கையில்கூட எழுதியிருக்கிறார்கள். அது சுற்றும்போது யார் படிப்பது என்று தெரியவில்லை. இங்கே அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்க் கோயில் குழல்விளக்குகளில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குக் கொடுத்தவர் பெயர் இருக்கும். கேலி செய்கிறோம். ஆனாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. வெளிச்சம் ஒருவர் கொடுத்ததால் வந்தது என்று அது சொல்லிவிடுகிறது.

இணையத்தில் வருவதற்கு இப்படி எதுவும் இல்லை. ‘எங்கேயிருந்து எடுத்தாய்?’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். ‘கூகுளிலிருந்து’ என்பான். கூகுள் தேடித்தான் கொடுத்தது. எழுதியவர் வேறு எங்கோ இருக்கிறார்.

முதலில் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று நம் கைப்பேசியில் தமிழில் தட்டுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் ‘நாளை வருகைப் பதிவை 9.30-க்குள் முடிக்கவும்’ என்று தமிழிலேயே வருகிறது. இது தானாக நடந்துவிடவில்லை. 1990-களில் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியாக்கம். இங்கே தட்டியதை அடுத்த கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். செல்லினம் என்று நம்மில் பலர் கைப்பேசியில் வைத்திருப்பதும் அவருடையதே. ‘தமிழா’ குழுவின் முகுந்த், எ-கலப்பை என்ற விசைப்பலகைச் செயலியை இலவசமாகக் கொடுத்தார். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். மல்லாட்டை விதைக்கும் பூமியிலிருந்து வந்தவளுக்கு அது பிடிக்காமல் போகுமா?

இந்த வரிசையில் அதிகம் பேசப்பட வேண்டிய ஒருவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. துபாயில் வேலை பார்த்தவர். தேனீ என்ற ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கிக் கொடுத்தார். பார்ப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும், பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே வந்து தமிழைக் காட்டும்படி அதை அமைத்திருந்தார். அதற்கு விலை வைக்கவில்லை. 2006-இல் மறைந்தார். தமிழ்நாட்டில் எத்தனை கணினி வகுப்புகளில் அவர் பெயர் சொல்லப்பட்டிருக்கும்? சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. முன்னின்றவர் கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளர். திருக்குறளும் சங்க நூல்களும் காப்பியங்களும் இணையத்தில் கிடைக்க வேண்டும் என்று, பல நாடுகளில் இருந்தவர்கள் பகல் வேலை முடிந்தபின் உட்கார்ந்து தட்டினார்கள். அப்போது படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் தமிழுக்குக் கிடையாது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். ஒருவர் தட்டுவார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார்.

அந்தக் கோப்புகளைத் திறந்தவர்களுக்குத் தெரியும், நூல் தொடங்கும் முன் சில வரிகள் இருக்கும். உள்ளீடு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று. அவர்கள் எழுதிக்கொண்ட உபயம் அவ்வளவுதான். வினாத்தாளுக்கோ பயிற்சித்தாளுக்கோ பாட்டை வெட்டி எடுக்கும்போது முதலில் நீக்கப்படுவது அந்த வரிகள்தாம். பிறகு அந்தப் பயிற்சித்தாளின் அடியில் ‘தயாரிப்பு’ என்று வேறொரு பெயர் ஏறி மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறது. இது சிறிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரார் கொடுத்த பீரோவில் இருக்கும் பெயரை அழித்துவிட்டு நம் பெயரை எழுதுவோமா?

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்தவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், அபுதாபியில் பணியாற்றியவர். தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் தனியாளாகவே கட்டுரை எழுதினார். எழுதினால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்திருக்க வேண்டும். வந்தார்கள். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அதே ஆண்டில் நம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வழியாக ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்தது. நானும் போனேன். உண்மையைச் சொன்னால், கோடை விடுமுறையில் இன்னொரு பயிற்சியா என்ற சலிப்போடுதான் போனேன்.

அங்கே எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார்.

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தைப் பற்றி நான் சில வரிகள் சேர்த்த மறுநாள் என் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘வாங்கோ ரீச்சர்’ என்று தொடங்கியது. முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் ‘டீச்சர்’ என்பது புரிந்தது. அவர் இருந்தது ரொறன்ரோவில். நாம் டொரன்டோ என்று எழுதுவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கே போய்ச் சேர்ந்து, பணி ஓய்வு பெற்றவர். கோட்டையின் கல்யாண மகாலுக்கு எத்தனை மாடி, களஞ்சியத்துக்கு உள்ளே எப்படிக் காற்று வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கேட்டதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ராஜகிரி ஏறிப் படம் எடுத்து வந்தேன். படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எடுத்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்ற உரிமத்தில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி மட்டும். அந்த வாரம் கோட்டையைப் பற்றித் தேடியவர்கள் பார்த்த படங்களில் பல, இப்படி யாரோ மலை ஏறி எடுத்துக் கொடுத்தவை.

ஒருமுறை ‘கச்சானுக்கு உங்கட ஊரில் என்ன பெயர்?’ என்று கேட்டார். கச்சான் என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், மணிலாக்கொட்டைதான் அப்படி ஆனது என்று எழுதினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதன்பின் சொல்லுக்குச் சொல் கொடுத்து வாங்கத் தொடங்கினோம். அவர் கதிரை என்றால் நான் நாற்காலி என்பேன். என் வகுப்புப் பிள்ளைகள் பாட்டிகளிடம் கேட்டு வந்து கொடுத்த சொற்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வேலை அது. ஆனால் வட்டாரச் சொல் கொச்சை என்று நினைத்திருந்த பிள்ளைகள், ரொறன்ரோவில் ஒருவர் தங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ நான் அங்கே எழுதியதில்லை. அதை நீங்களும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

விக்கிப்பீடியாவில் ஒருவருக்கொருவர் பதக்கம் கொடுக்கும் வழக்கம் உண்டு. நட்சத்திரப் படம் ஒன்று, கீழே இரண்டு வரி. காசு பணம் இல்லை, சான்றிதழ் இல்லை, எமிஸ் தளத்தில் ஏற்ற முடியாது. எனக்கு அவர் ஒன்று கொடுத்தார். எந்தக் கட்டுரையில் எந்தப் பத்திக்காக என்று குறிப்பிட்டுக் கொடுத்திருந்தார். பணிக்காலத்தில் சால்வைகள் வாங்கியிருக்கிறேன். என் வேலையை வரி வரியாகப் படித்துவிட்டு ஒருவர் கொடுத்தது அது ஒன்றுதான். நான் அவரை முதலில் ஐயா என்றேன், பிறகு அண்ணா என்றேன்.

ஒரு கட்டத்தில் அவர் பதில் எழுதுவது நின்றது. சில மாதங்கள் கழித்து, அவருடைய உரையாடல் பக்கத்தில் வேறொரு பயனர் இரண்டு வரி எழுதியிருந்தார், அவர் காலமாகிவிட்டார் என்று. அவர் குரலை நான் கேட்டதில்லை. முகம் தெரியாது. அந்தப் பக்கத்தில் அஞ்சலி எழுதியவர்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். அவர் வீட்டாருக்கு எங்களைத் தெரியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். டுஷேன் என்னும் தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலியில் வாழ்க்கை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் பல ஆண்டுகள் ஆடினார். 2014-இல் 25 வயதில் இறந்தார். மகன் நட்பே இல்லாமல் போய்விட்டான் என்று பெற்றோர் கலங்கியிருந்தார்கள். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தில் மறைவுச் செய்தியைப் போட்டதும் கடிதங்கள் வந்து குவிந்தன. என் துன்பத்தைக் கேட்டார், என் மகனோடு நான் பேச வழி காட்டினார் என்று எழுதினார்கள். பல நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-இல் இது ஆவணப்படமாக வெளிவந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் ஒன்றியத்திலும் பள்ளிக்கு வர இயலாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறப்பாசிரியர்கள் வாரந்தோறும் போய்வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் கையில் கைப்பேசியைப் பார்த்ததும் ‘எப்போதும் போன்தான்’ என்கிறோம். நம் பயத்துக்குக் காரணம் உண்டு. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டால் குடும்பங்கள் அழிந்து, 2022-இல் தமிழ்நாடு தடைச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. முகம் தெரியாதவரை நம்பி ஏமாந்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அளவுகோல் எளிமையானது. அந்தப் பேச்சு எல்லோரும் பார்க்கும் இடத்தில் நடக்கிறதா, அங்கே சேர்ந்து செய்யும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார். ரகசியம் கேட்பவரிடமிருந்து விலகி வந்து எங்களிடம் சொல். இவ்வளவுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் நண்பர் என்று நாம் கேட்கவும் வேண்டும். பெயர் சொல்லும். கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நான் செய்வது அதிகமில்லை. விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திரையில் காட்டினால் மேலே உள்ள ‘வரலாறு’ என்ற பகுதியையும் திறந்து காட்டுவேன். எந்த வரியை யார், எந்த நாளில், எத்தனை மணிக்குச் சேர்த்தார் என்று முழுப் பட்டியலும் வரும். பிள்ளைகளுக்கு அது ஆச்சரியம். நள்ளிரவு இரண்டு மணிக்கு யார் இதை எழுதுவது என்று கேட்பார்கள். அங்கே அப்போது பகலாக இருக்கலாம் என்று சொன்னால், நேர மண்டலப் பாடம் பாதி முடிந்துவிடும்.

கடைசியாக, விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே வந்திருக்கின்றன. படத்திலிருந்து எழுத்தைக் கணினி எடுத்துக் கொடுக்கும். அதிலுள்ள பிழைகளை மனிதர்கள்தாம் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பாக இருக்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும். இரண்டாம் முறை பார்த்தால்தான் பச்சை. அந்தப் பச்சையை முதலில் பார்த்தவரே போட முடியாது, வேறொருவர் வர வேண்டும். அண்ணா தம் கடைசி ஆண்டில் ஒரு நூலை முழுவதும் மஞ்சளாக்கி வைத்துவிட்டுப் போனார். நானும் என் பள்ளி ஆசிரியர்கள் இருவரும் பாதிக்கு மேல் பார்த்து முடித்துவிட்டோம். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. தேநீருக்குப் பிறகு இந்தப் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பயனர் கணக்கு இல்லாதவர்களுக்கு அங்கேயே தொடங்கித் தருகிறேன். ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.