வீடு நகரல, மாவட்டம் மாறிடுச்சு

போன்ல மனு போட ரெண்டு நிமிஷம் போதும். அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன எழுதுறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

அரியலூர்க்காரங்களுக்கு இதுல ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தாங்க. 2007 நவம்பர் 23 முதல் திரும்பவும் அரியலூர். வீடு நகரவே இல்லை. ஆனா தாத்தா காலத்துப் பத்திரத்தில் திருச்சி, பேத்தியின் பிறப்புச் சான்றில் பெரம்பலூர், ஆதாரில் அரியலூர்! மூணுமே சரிதான். பழைய ஆவணத்தைக் குறிப்பிடும்போது அதில் உள்ளபடியே எழுதுங்க. முகவரியில் மட்டும் இன்றைய மாவட்டம்.

வட்டத்துலயும் கவனம் வேணும். ஜெயங்கொண்டம் என்பது சட்டமன்றத் தொகுதி, ஊராட்சி ஒன்றியமும் அதே பெயர்தான். வருவாய் வட்டத்தின் பெயரோ உடையார்பாளையம். அந்த வட்டாட்சியர் அலுவலகம் இருப்பது ஜெயங்கொண்டத்தில்! குழம்பினா யாரைக் குத்தம் சொல்ல? ஆனாலும் பட்டா மனுவில் உடையார்பாளையம் வட்டம்னுதான் எழுதணும்.

இன்னொண்ணு. கோபத்துல நாலு பக்கம் எழுதுறோம், புல எண்ணோட உட்பிரிவை விட்டுடறோம். கோபம் நியாயமாவே இருக்கலாம். ஆனா எந்தத் துண்டு நிலம்னு படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? போன்ல பேசியே டைப் பண்றவங்க, எண்களையும் இனிஷியலையும் ஒருமுறை கண்ணால பாருங்க. விதவை உதவித்தொகை கேக்குற அம்மாவுக்கு, கணவர் பெயர் இறப்புச் சான்றில் ஒரு மாதிரி, மனுவில் வேற மாதிரி இருந்தா அலைச்சல் அவங்களுக்குத்தான்.

அனுப்பினதும் வர்ற மனு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. 1100-ல விசாரிக்கும்போது அது கையில இருக்கணும்.